உள்ளங்கைப் பை

ஜீப்பின் பானட் சூடாக இருக்கும்போதுதான் அந்த அக்கா பையைப் பிரிப்பார்.

போடியிலிருந்து முந்தல் வந்து, வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டையும் தாண்டி, ரோடு சரிந்து கிடக்கும் இடத்தில் நான் வண்டியை நிறுத்துவேன். இன்ஜின் கொதித்துப் போயிருக்கும். பெண்கள் இறங்கி இடுப்பை நிமிர்த்துவார்கள், வெற்றிலை போடுவார்கள், சேலைக்கு மேல் மாட்டியிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையின் கையை இறக்கிப் பொத்தான் போடுவார்கள். அக்கா மட்டும் நேராக வண்டிக்கு முன்னால் வந்து, தலைத்துண்டை உதறி பானட் மேல் விரிப்பார். முதலில் தீப்பெட்டியை எடுத்துச் சூட்டில் வைப்பார். அது வெதுவெதுப்பாகும் வரைக்கும் மற்ற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாகப் பரப்புவார்.

அப்போது நான் சிலமலையிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்வந்தேன். பதினான்கு பேர். அதற்கு முந்தைய மழையில் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்துவிட்டது. ரோட்டைச் சரி செய்ய இரண்டு மழைக்காலம் ஆனது. அதுவரை சரிவுக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிடும். அங்கிருந்து சோலைக்காட்டுக்குள் நாற்பது நிமிட ஒற்றையடிப் பாதை. காலையில் உள்ளே போய், சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வருவார்கள். நான் அதுவரைக்கும் வண்டியோடு இருப்பேன்.

நாற்பது நிமிட நடைக்கு இவ்வளவு ஏற்பாடா என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் நான் வாய் திறந்து கேட்கும் ஆள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பேச்சை அதற்கு முன்பே விட்டிருப்பேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். பெண்கள் என்றால் இன்னும் மோசம். கண்ணாடியில் பார்த்தே பதினான்கு பேரையும் அடையாளம் தெரிந்துகொண்டேன்.

பை என்றால் பெரிதாக எதுவும் இல்லை. யாரோ போட்டுக் கழித்த ஜீன்ஸ் பேண்டின் பின் பாக்கெட்டை வெட்டி, மேலே மூடி வைத்துத் தைத்து, ஒரு பொத்தானும் இடுப்பில் கட்டக் கயிறும் போட்டது. என் உள்ளங்கையை விரித்தால் அதற்குள் அடங்கும். அதற்குமேல் ஒரு விரல் அளவுகூட வளர அக்கா விட்டதில்லை. "ஒரு கைக்கு மேல போனா அது மூட்டை. மூட்டையை மனுசன் எங்கனயாச்சும் எறக்கி வச்சிருவான். எறக்கி வச்ச நேரத்துலதான் எல்லாம் நடக்கும்" என்பார். புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே வர வேண்டும்.

எல்லாவற்றையும் பரப்பிப் பார்த்த பிறகு அக்கா கண்ணை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தடவி எடுத்து உள்ளே வைப்பார். அடியில் மடித்த பிளாஸ்டிக் தாள், அதன் மேல் நைலான் கயிறு, ஓரத்தில் ஊக்கும் ஊசியும், கைக்கு முதலில் படும்படி தீப்பெட்டி. நடுவில் வரிசை தவறினால் முழுவதையும் திரும்ப வெளியே எடுத்து முதலிலிருந்து வைப்பார். வேலைக்கு நேரமானாலும் சரி, மேஸ்திரி திட்டினாலும் சரி.

"அக்கா சாமி கும்புடுதுடி, சத்தம் போடாதீக" என்பாள் செல்வி. கூட்டத்தில் அவளுக்குத்தான் வாய் நீளம்.

"மஞ்சு எறங்கிட்டா கண்ணு இருந்து என்னா, இல்லாம என்னா. வெரலுதான் தேடணும்." கண்ணைத் திறக்காமலே அக்கா சொல்வார். மூடுபனியை மலையில் மஞ்சு என்பார்கள்.

"அதுசரி. அப்படியே எங்க வீட்டுக்காரரையும் மடிச்சு அதுக்குள்ள வச்சுக்கக்கா. காட்டுல சண்டை போட ஆளில்லாம எனக்குப் பொழுது போக மாட்டேங்குது."

"ஒன் வீட்டுக்காரன் பைக்குள்ள அடங்க மாட்டான் ஆத்தா. அவன் அடங்குற கடையே வேற."

பெண்கள் சிரிப்பார்கள். செல்விதான் எல்லோரையும் விட அதிகமாகச் சிரிப்பாள். நான் டயரைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன்.

அந்தப் பையில் எனக்கு அதிசயமாக இருந்தது சைக்கிள் டியூப். விரல் நீளத்துக்கு வெட்டிய எட்டுத் துண்டுகள். அது எதற்கென்று செல்விதான் ஒருநாள் கேட்டாள். அக்கா ஒரு துண்டை எடுத்து, பக்கத்துக் குழியில் கிடந்த தண்ணீரில் முக்கி, உதறி, தீக்குச்சியைக் காட்டினார். பற்றிக்கொண்டது. மழைத் தூறலில் அது பாட்டுக்கு எரிந்தது. கறுப்புப் புகை, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம். பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு திட்டினார்கள்.

"வெறகு நனையும், இது நனையாது. அந்த நாத்தமும் வேணும். மஞ்சுல சத்தம் பொய் சொல்லும். எங்கன இருந்து கூப்புடுறாகன்னு தெரியாது. நாத்தம் பொய் சொல்லாது."

தோட்டத்துச் சூப்பர்வைசர் மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளி. ஒரு காலை சரிவு வரைக்கும் வந்தவர் பானட்டில் பரப்பியிருந்ததைப் பார்த்துவிட்டு, "சேச்சி, இது என்னா, ஆஸ்பத்திரியோ?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றைக்கே பாதி வழியில் அவருடைய பூட்சின் அடி வாயைப் பிளந்துகொண்டதாம். அட்டைக்காடு. நின்றால் ஏறும், நடந்தாலும் ஏறும். அக்கா நைலான் கயிற்றால் பூட்சைக் கட்டி, புகையிலையும் உப்பும் முடிந்த துணியால் அவர் காலில் தேய்த்து நடக்க வைத்தாராம். செல்வி சாயங்காலம் வண்டியில் இதை நடித்துக் காட்டினாள். சூப்பர்வைசர் ஒற்றைக் காலில் நின்றது, அட்டையைப் பார்த்து அம்மே என்றது, கடைசியில், "சேச்சி, ஆ பையில சாயா உண்டோ" என்று கேட்டது எல்லாம். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, அவிழ்த்து வாங்கிய கயிற்றை முந்தானையால் துடைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தோள்பை வாங்கி டார்ச் லைட், கத்தி, கயிறு, தண்ணீர் பாட்டில் இரண்டு, தைலம், குடை, பிஸ்கட் எல்லாம் அடுக்கி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். செல்வி கண்டுபிடித்துவிட்டாள்.

"அக்கோவ், டிரைவர் அண்ணே காசிக்குப் போறாரு."

அக்கா அதைத் தூக்கிப் பார்த்தார். பானட்டில் வைத்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுக்கும்போது ஒரே கேள்விதான். "இது யாருக்கு?"

எதுக்கு என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். யாருக்கு என்றால் என்ன சொல்வது? "எனக்குத்தான்" என்றேன்.

"மழை பேஞ்சா நாங்க நனைவோம். நீ வண்டிக்குள்ள இருப்ப. கொடை யாருக்கு?"

அக்கா குடையை ஓரமாக வைத்தார். டார்ச்சை அமுக்கினார். அது எரியவில்லை. கத்தியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். பிஸ்கட்டைக் கையில் எடுத்தபோது, "யாருக்காச்சும்" என்றேன்.

"இது நெசம்" என்று சொல்லிப் பிரித்து அங்கேயே எல்லோருக்கும் கொடுத்தார். அத்தோடு என் பை முடிந்தது.

அந்த வருட ஆடியில் வேலையை விட்டு நின்ற ஒருத்திக்குப் பதிலாக ராசிங்காபுரத்திலிருந்து பேச்சி என்று ஒருத்தி புதிதாகச் சேர்ந்தாள். நாற்பது வயது இருக்கும். யாரோடும் ஒட்டாமல் கடைசி சீட்டில் உட்கார்ந்து வருவாள். அவள் வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அக்காவின் வரிசையில் எப்போதும் இருக்கும் விசிலைக் காணவில்லை. அந்த இடத்தில் காகிதத்தில் மடித்த கற்கண்டு இருந்தது.

"விசில் எங்கக்கா?" செல்வி கேட்டாள்.

"எடமில்ல."

"கல்கண்டு யாருக்கு? எனக்கா?"

"ஒனக்கு எதுக்கு, ஒன் வாயே இனிக்குது. வேணுங்கிறவளுக்கு."

காகிதத்தை இன்னொரு மடிப்பு மடித்து உள்ளே வைத்தார்.

இனி அந்தச் சிவப்புத் துணியைச் சொல்ல வேண்டும். பையின் மூடிக்குள் ஏழு நாடா இருக்கும், பழைய சிவப்புச் சேலையின் கரையைக் கிழித்தது. சோலைக்குள் பாதை பிரியும் இடத்தை முனை என்பார்கள். ரோட்டிலிருந்து பத்து நிமிடம் உள்ளே போனால் பெரிய முனை. தோட்டத்திலிருந்து திரும்பி வருபவர்களுக்கு அங்கே இரண்டு வழி தெரியும். ஒன்று நம்முடைய ஒற்றையடிப் பாதை. இன்னொன்று காட்டுமாடுகள் நடந்து நடந்து போட்ட தடம், ஓடைப் பள்ளத்துக்கு இறங்குவது. அதுதான் அகலமாக, ரோடு மாதிரி இருக்கும். மஞ்சு இறங்கிவிட்டால் தினமும் நடக்கிற கால்கூட அகலத்தைப் பார்த்து ஏமாந்துவிடும். காலையில் அக்கா முன்னால் நடந்து, சரியான பக்கத்துக் கிளையில் நெஞ்சு உயரத்துக்கு நாடாவைக் கட்டிக்கொண்டே போவார். சாயங்காலம் எல்லோரையும் முன்னால் விட்டு, கடைசியாக வந்து அவிழ்த்துக்கொண்டே வருவார். ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு அது.

அவிழ்ப்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. ஒருநாள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு எண்ணிப் பார்த்தார், ஆறுதான் இருந்தது. இறங்கி, மழையில் திரும்ப உள்ளே போய், அவிழ்த்துக்கொண்டு வந்தார். பதிமூன்று பெண்களும் முணுமுணுத்தார்கள். "வேலை முடிஞ்சும் தொங்குற துணி அடுத்த ஆளுக்குப் பொய் சொல்லும்" என்றார். இந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது. இதை வைத்துத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மழைக்காலத்தில் பெண்கள் தொப்பலாக நனைந்து வருவார்கள். வண்டிக்குப் பக்கத்திலேயே ஈரத்தை மாற்றிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நான் வண்டிப் பக்கம் இருக்க மாட்டேன். அவர்கள் சோலையை விட்டு வெளியே வரும் சத்தம் கேட்டதுமே நான் அதே பாதையில் அவர்களைக் கடந்து சோலைக்குள் நடந்துவிடுவேன். பெரிய முனை வரை போய்த் திரும்பினால் சரியாக இருக்கும்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மஞ்சு. நாலு மணிக்கு எட்டடி தூரத்தில் இருப்பது தெரியவில்லை. பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு பெண்கள் கும்பலாக வந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்தபடி அவர்களைக் கடந்து உள்ளே போனேன்.

பெரிய முனையில் சிவப்பு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மறந்துவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒன்றையும் மறக்காத மனுசி ஒன்றை மறந்திருக்கிறார், அதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே இழுப்பு. நாடா கையோடு வந்தது. ஈரத்தைப் பிழிந்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். வண்டிக்குப் போனதும் இதைக் கொடுத்து, "இதை விட்டுட்டு வந்துட்டீகளேக்கா" என்று சொல்ல வேண்டும். வழி முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வண்டியில் அக்கா இல்லை. பேச்சியும் இல்லை.

"பேச்சிக்கு நடை தள்ளுதுண்ணே" என்றாள் செல்வி. "அக்கா அவளைக் கூட்டிக்கிட்டு பைய வர்றாக. எங்களை முன்னால போகச் சொன்னாக."

என் கை சட்டைப் பைக்குப் போனது.

அப்போதே ஓடியிருக்க வேண்டும். பத்து நிமிட வழி. ஓடினால் ஐந்து நிமிடம். ஆனால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பார்களே. துணியை அவிழ்த்துவிட்டேன் என்று பன்னிரண்டு பெண்களுக்கு முன்னால் சொல்ல வேண்டுமே. செல்வி இருக்கிறாளே. இப்போது வந்துவிடுவார்கள், அக்காவுக்குத் தெரியாத வழியா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "ரேடியேட்டர்ல தண்ணி பாக்கணும்" என்று யாரும் கேட்காமலே சொல்லி, பானட்டைத் தூக்கி, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் நிறையத்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் போனது. செல்வி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, அக்கா இந்நேரம் வந்திருக்கணும்."

அவள் குரலில் கேலி இல்லாமல் நான் கேட்டது அன்றைக்குத்தான். "வண்டியை விட்டு யாரும் எங்கயும் போகாதீக. ரோட்டுல எந்த வண்டி வந்தாலும் நிறுத்தி ஆளக் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

முனையில் யாரும் இல்லை. முதலில் நாடாவை எடுத்து அதே கிளையில் கட்டினேன். பிறகு கூப்பிட்டேன். "அக்கா" என்று வாய்விட்டுக் கத்தியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. "ஓ" என்று பதில் வந்தது. பள்ளத்திலிருந்து வந்தது. திரும்பினால் பின்னாலிருந்து வந்தது. மறுபடி கூப்பிட்டேன், தலைக்கு மேலே இருந்து வந்தது. எந்தப் பக்கம் கால் வைப்பது என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றினேன். அந்தக் குரலை நம்பி நடந்திருந்தால் நானும் போயிருப்பேன்.

அப்போதுதான் அது மூக்கில் பட்டது. டியூப் எரிகிற நாற்றம்.

அது ஒரு பக்கத்திலிருந்துதான் வந்தது. மாட்டுத் தடம் இறங்கும் பள்ளத்திலிருந்து. தோளில் கிடந்த துண்டைக் கிழித்துக் கிழித்துக் கிளையில் கட்டிக்கொண்டே இறங்கினேன். நாற்றம் குறைந்தால் நிற்பேன், கூடினால் நடப்பேன். ஒரு இடத்தில் தொண்டையைக் கமறியது. அங்கே மஞ்சுக்குள் சின்னதாக ஒரு சிவப்பு தெரிந்தது.

மரத்தடியில் அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பையில் இருந்த பிளாஸ்டிக் தாளைப் பிரித்து இரண்டு பேர் தலைக்கும் போட்டு, ஊக்கு மாட்டியிருந்தார். அவர் சட்டை பேச்சியின் மேல் இருந்தது. பேச்சியின் தலை அவர் மடியில். காலுக்குப் பக்கத்தில் கல்லின் மேல் டியூப் துண்டு எரிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரே ஒரு துண்டு கையில் தயாராக இருந்தது.

"யாரு, அப்புவா?"

"ஆமாக்கா."

"வரும்போது கட்டிக்கிட்டு வந்தியா?"

"கட்டினேன்."

"எதுல?"

"துண்டுல."

அக்கா பேச்சியின் கன்னத்தைத் தட்டினார். "எந்திரி ஆத்தா. வண்டி வந்துருச்சு."

பேச்சியின் வாயில் கற்கண்டு இருந்தது. கடைசித் துண்டாம். கண்ணைத் திறந்தாள், யாரென்று தெரியாமல் பார்த்தாள். அவளை முதுகில் தூக்கிக்கொண்டேன்.

"மொனையில துணியைக் காணோம்" என்றார் அக்கா, ஏதோ தன்னிடமே சொல்வதுபோல. "துணி வரல, அப்ப மொன இன்னும் வரலன்னு நெனச்சு நடந்துட்டேன். சாணியை மிதிச்ச பெறகுதான் தெரிஞ்சுச்சு. அங்கனயே உக்காந்துட்டோம்."

"திரும்பி நடந்திருக்கலாமேக்கா."

"தப்பின ஆளு நடந்தா, தேடுற ஆளு எங்கன வந்து தேடுவான்?"

அதாவது, ஒருவன் வருவான் என்று நம்பி உட்கார்ந்திருந்தார். வர வேண்டியவன் பானட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

நான் முன்னால் நடந்தேன். பின்னால் அக்கா என் துண்டுக் கிழிசல்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டு வருவது கேட்டது. ஒவ்வொன்றுக்கும் நின்றார். அந்த நேரத்திலும் ஒன்றைக்கூட விடவில்லை. பெரிய முனைக்கு வந்தோம். சிவப்பு நாடா தொங்கியது. காணாமல் போயிருந்த துணி.

அக்கா அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அவிழவில்லை.

அது அவருடைய சுருக்கு இல்லை. லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகிற என் முடிச்சு. இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குவது. ஈரம் பட்டால் இன்னும் இறுகும். இருபது வருடமாகக் கட்டிய கை, வேறு எப்படியும் கட்டத் தெரியாது.

அக்காவின் கை முடிச்சின் மேலேயே நின்றது. பிறகு நகத்தால் நெம்ப ஆரம்பித்தார். பேச்சி என் முதுகில் கனத்தாள். இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் நாடாவை உருவிப் பைக்குள் வைத்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்க அப்பு" என்றார். அவ்வளவுதான்.

வண்டியைக் கண்டதும் செல்வி ஓடி வந்தாள். "எங்கக்கா போய்த் தொலைஞ்சீக" என்று அக்காவின் தோளில் அடித்தாள். அழுதாள்.

"ஒன் வாயைக் கொஞ்ச நேரம் கேக்காம இருக்கலாம்னு ஒக்காந்துட்டேன்."

போடி ஆஸ்பத்திரியில் நர்சு பேச்சிக்கு ஊசி குத்திச் சோதித்துப் பார்த்துவிட்டு, "சுகர் மாத்திரை போடுற ஆளு சாப்பிடாம வேலைக்குப் போகலாமா? சுகர் ரொம்ப எறங்கிருச்சு. நல்லவேளை, யாரு இனிப்புக் குடுத்தது?" என்று கேட்டார். மாத்திரை போடுவதைப் பேச்சி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலைக்குச் சேர்க்க மாட்டார்களோ என்று பயம். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. வந்த முதல் நாளே ஜீப்பின் கடைசி சீட்டில் அவள் முந்தானைக்குள் மறைத்து ஒரு மாத்திரை விழுங்கியதை அக்கா பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு விசிலை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்.

மறுநாள் காலை, சரிவில் வண்டி நின்றது. அக்கா எப்போதும்போல பானட்டில் துண்டை விரித்தார். புதிய டியூப் துண்டுகள், புதிய கற்கண்டு. சிவப்பு நாடாவை எண்ணினார், ஏழு.

"நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "துணியைக் கட்டினவதான் அவுக்கணும். வேற யாரு கையும் படக் கூடாது. மொத நாளே இதையும் சேத்துச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு எம் மேல."

"நேத்து துணி என்னாச்சுக்கா?" என்றாள் செல்வி.

"அதான் ஏழும் இருக்குல்ல."

என் பக்கம் திரும்பவே இல்லை. பெண்கள் சோலைப் பக்கம் நகர்ந்தார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு அடுக்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, நேத்து..."

"சொல்றது யாருக்கு அப்பு?" கண்ணைத் திறக்கவில்லை. "எனக்குன்னா வேணாம். முடிச்சுலயே பாத்துட்டேன். ஒனக்குன்னா சொல்லு."

நான் சொன்னேன். மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து அவிழ்த்ததைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம், அது அவருக்குத் தெரிந்ததுதான். ஆனால் வாய் நிற்கவில்லை. நீங்கள் உள்ளே இருப்பது தெரிந்த பிறகும் அரை மணி நேரம் இந்த பானட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன் என்பதையும் சொன்னேன்.

அக்காவின் கை நின்றது. ஊக்கு எங்கே வைக்க வேண்டுமோ அங்கே கயிற்றை வைத்துவிட்டார். வரிசை தவறிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பரப்பி, முதலிலிருந்து வைத்தார். நான் அதுவரை நின்றேன்.

முடித்த பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது" என்றார்.

கோபமா வருத்தமா என்று அந்த முகத்தில் என்னால் படிக்க முடியவில்லை. ஒரு நாடாவை உருவினார். ஜீப்பின் பக்கக் கண்ணாடிக் கம்பியில் தன் சுருக்கால் கட்டினார்.

"கடைசி ஆளு ஏறுற வரைக்கும் இது தொங்கும். நான்தான் அவுப்பேன். பொம்பளைகளைப் பாக்க வெக்கமா இருந்தா இதைப் பாத்துக்கிட்டு இரு."

அன்றிலிருந்து பையில் ஆறு நாடாதான். வண்டியில் ஒன்று. காலையில் சரிவில் நிறுத்தியதும் கட்டுவார். சாயங்காலம் எல்லோரும் ஏறிய பிறகு, வெளியே கை நீட்டி ஒரே இழுப்பில் அவிழ்ப்பார். அவிழ்த்தால்தான் நான் கியர் போடுவேன். ரோட்டைச் சரி செய்து, வண்டி தோட்டம் வரைக்கும் போகத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை.

அக்காவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஊரில் இரண்டு மூன்று கதை சொல்வார்கள். ஒன்றையும் நான் அவரிடம் கேட்டதில்லை. நான் பார்த்தது பானட் மேல் விரித்த அந்தத் துண்டளவுதான். அந்தத் துண்டுக்குள் தனக்கென்று அவர் வைத்துக்கொண்ட சாமான் எது என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

போன ஆவணிக்கு முந்தின ஆவணியில் ஒருநாள், மதியம் தோட்டத்து ஆபீசுக்குப் போன் வந்தது. திருப்பூரில் அவர் மகளுக்குப் பிரசவ வலி. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும் தோட்டத்து வண்டி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. அதிலேயே ஏறிப் போய்விட்டார். சாயங்காலம் செல்விதான் வந்து சொன்னாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. நல்லபடியாக இருக்கிறாராம்.

காலையில் கண்ணாடிக் கம்பியில் அவர் கட்டிய நாடா அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் பதிமூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. செல்வி மட்டும் கையை நீட்டினாள், பிறகு தானே இழுத்துக்கொண்டாள். நான் கியர் போட்டேன்.

வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளுத்து இப்போது செங்கல் நிறமாகிவிட்டது. செக்போஸ்டில் கேட்பார்கள், புதிதாக வேலைக்கு வரும் பெண்களும் கேட்பார்கள். "என்னண்ணே, நேத்திக்கடனா?"

"ஒரு ஆளு ஏறணும்" என்பேன்.

ஒரே இழுப்பு போதும், அவிழ்ந்துவிடும். என் கையால் இழுக்க மாட்டேன்.